பதினோராம் கட்டிலில் உயர்ந்த விரல்

போன மாதம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, என் பழைய வாட்டில் வேலை செய்யும் தாதி ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பேச முடியாத நோயாளர்களுக்காக வாட்டுக்கு இப்போது ஓர் அட்டை வந்திருக்கிறதாம். தண்ணீர்க் குவளை, கக்கூஸ், போர்வை, அழும் முகம் என்று கட்டம் கட்டமாகப் படங்கள். நோயாளி விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் ஓர் ஆள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அவள் அதற்குக் கீழே கேட்டிருந்தாள்: "நானா, இவருக்குப் பசியா, வயித்து வலியா, இல்லாட்டி சாப்பிட்டு நிறைஞ்சிட்டு எண்டு சொல்றாரா?"

அவர் இடுப்புச் சாரத்தை இறுக்கக் கட்ட மறந்துவிட்டார் என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அதோடு விட்டிருக்கலாம். தாதியர் தின மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அட்டை இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்று அடுத்த செய்தி வந்தது.

எப்படிச் சமாளித்தோம்? பயந்து பயந்துதான். வாட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்தவர் எவரும் இல்லை என்பதால், இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில் கரையோரமாக ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வாட்டு ஜன்னல் கம்பிகளில் உப்புப் பூத்திருக்கும். ஐம்பத்தைந்து முடிந்ததும் பென்ஷன் எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்கு வந்துவிட்டேன். வெங்காயத்திடம் எனக்குப் பிடித்த குணம், அதன் முகத்தைப் பார்த்து ஒன்றும் ஊகிக்க வேண்டியதில்லை. தாள் மஞ்சளானால் மஞ்சள்தான்.

தாதியர் பாடசாலையில் மூன்று வருடம் படித்தேன். ஊசி போடவும் கட்டில் விரிக்கவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் ஒழுங்காகச் சொல்லித் தந்தார்கள். "நோயாளியின் முகத்தை வாசியுங்கள்" என்றும் ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். எழுத்துக் கூட்டிக் காட்டவில்லை. அதன் விளைவு வேலைக்கு வந்த முதல் வாரமே தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாட்டைச் சுற்றி வந்தேன். ஓரக் கட்டிலில் ஒருவர் இரண்டு கண்ணும் பாதி திறந்து, வாயும் திறந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிட்டேன். அசைவில்லை. நான் எடுத்த ஓட்டத்தில் மருந்து ட்ரொலி ஒரு பக்கம், என் செருப்பு ஒரு பக்கம். டொக்டரோடு திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மிஸ், தேத்தண்ணி வந்திட்டா?" என்று கேட்டார். மனிதர் கண் திறந்து தூங்குகிற சாதி. மீசை வைத்த என்னையும் எங்கள் ஆட்கள் பழக்கத்தில் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு முதல் முதலாகத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வாட்டின் பொறுப்புத் தாதி குசுமா சிஸ்டர். மாதம்பைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. உயரம் குறைவு, சத்தம் அதைவிடக் குறைவு. அவர் வாட்டுக்குள் வந்தால் சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்காது. எல்லோரும் திடீரென்று வேலை செய்யத் தொடங்குவதை வைத்துத்தான் சிஸ்டர் வந்திருப்பது தெரியும். அவர் பேசாதபடியால் அவருடைய அசைவுகளுக்கு நாங்கள் அர்த்தம் கட்டிவைத்திருந்தோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் புயல் வருகிறது. பேனையின் மூடியைக் கழற்றி மறுபடி மூடினால் யாரோ ஒருவருக்கு லீவு கிடைக்காது. இப்படி ஒரு பஞ்சாங்கமே எங்களிடம் இருந்தது.

எனக்கு என்று ஒரு தனிச் சோதனை. நான் எந்தக் கட்டிலில் வேலை செய்தாலும் சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று என் முகத்தையே பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நான் உடனே சேலைன் சொட்டுகிறதா என்று பார்ப்பேன், விரிப்பை இழுத்துவிடுவேன், குப்பைக் கூடையை நகர்த்துவேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிழை அகப்படும், சரி செய்வேன், அவர் போய்விடுவார். எவ்வளவு கூர்மையான பார்வை என்று வீட்டில் மனைவியிடம் புகழ்ந்து தள்ளினேன். மழைக்காலம் ஒன்று முழுதும் இப்படியே போனது. ஒரு நாள் தாங்க முடியாமல், "சிஸ்டர், நான் என்ன பிழை விட்டேன்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பிழை ஒண்டுமில்ல. நஸீர், நவாஸ், ரெண்டு பேர் ஒண்டா வந்தது. நீங்க எந்த ஆள் எண்டு யோசிக்கிறது. கேக்க வெட்கம்."

அப்போது நவாஸ் பக்கத்து வாட்டுக்கு மாறிப் போய் நெடுநாளாகிவிட்டது. நான்தான் நஸீர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

சிஸ்டரிடம் நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம், சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்த மேரி அம்மா என்ற கிழவியால் வந்தது. மீன் கருவாடு போடுகிறவர், காலில் புண்ணோடு வந்தவர். காலையில் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தலைவலி இருக்கிறதா? தலையாட்டினார். நெஞ்சில் நோவு? அதற்கும் ஆட்டினார். மூச்சு முட்டுகிறதா? இன்னும் பலமாக ஆட்டினார். நான் பதறிப்போனேன். ஈசீஜி மெசின் வந்தது, டொக்டர் வந்தார், கிழவியின் நெஞ்செல்லாம் வயர். இதயம் இளம்பெண்ணின் இதயம்போல ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் வந்து மேரி அம்மாவின் பக்கத்தில் குனிந்து, மிகவும் மரியாதையாக, "அம்மா பஸ் ஓட்டுற ஆளா?" என்று கேட்டார்.

மேரி அம்மா அதே மரியாதையோடு தலையாட்டினார்.

வெள்ளை உடுப்புப் போட்ட ஆளிடம் 'ஓம்', அதாவது ஆமாம், என்பதைத் தவிர 'இல்லை' சொல்லி எங்கள் கரையில் பழக்கமில்லை. ஏழைகள் என்றால் சொல்லவே வேண்டாம். பெரிய இடத்து மனிதர் கேட்கிறார், மறுத்தால் மனம் நோகும் என்று நினைப்பார்கள். சிஸ்டர் கட்டிலுக்கடியில் இருந்த மேரி அம்மாவின் பழைய சொப்பிங் பையை எடுத்து, இதைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்டார். கிழவி பாய்ந்து பையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ இல்ல, இல்ல மிஸ், அதில என்ட ஜெபமாலை" என்றார். "இப்ப கேளுங்க" என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார். கேட்டேன். நெஞ்சில் நோவு இல்லை, மூச்சு முட்டவில்லை, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கிடைக்காததால் பசி மட்டும்தான்.

திரும்பிப் போகும்போது சிஸ்டர் சொன்னார்: "ஓம் சொல்ல ஏலுமா எண்டு பாக்க வேணாம். இல்ல சொல்ல ஏலுமா எண்டு பாருங்க. இல்ல சொல்லத் தெரியாத ஆள்ட ஓம், ஓம் இல்ல."

இனி, நான் மறக்க முடியாத பதினோராம் கட்டிலுக்கு வருகிறேன்.

பள்ளிவாசல்துறை ஹமீது சம்மாட்டியார் என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. சொந்தமாக வள்ளங்கள், வலை, கீழே பத்துப் பதினைந்து பேர் வேலை. கரையில் நின்று அவர் கூப்பிட்டால் கடலில் கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் ஒரு விடியற்காலையில் நின்றுவிட்டது. பாரிசவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது, முகம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது, நாக்குத் திரும்பவில்லை. தொண்டையும் வேலை செய்யவில்லை. தண்ணீர் விழுங்கினால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே மூக்கால் குழாய் போட்டுத்தான் ஆகாரம். கட்டிலுக்கு மேலே 'வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது' என்று மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். முதல் இரண்டு நாளும் பெரும்பாலும் மயக்கம்தான். கண் திறந்தாலும் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை. நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொண்டால் ஆள் தேறலாம், குழாய் ஆகாரத்தோடு இரண்டு கிழமை, பதினாலு நாளாவது இங்கே இருக்க வேண்டும் என்று மூன்றாம் நாள் காலை டொக்டர் சொல்லிப் போனார்.

அன்று மத்தியானம், நோயாளரைப் பார்க்க ஆட்களை விடும் நேரம். வாட்டு முழுக்கச் சோற்றுப் பார்சல் வாசம். சிஸ்டர் ஆஸ்பத்திரிக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வாட்டு என் பொறுப்பில். சம்மாட்டியாரின் மகள் ரிஸ்மியா தகப்பனின் தலைமாட்டில் இருந்தாள். மூத்த மகன் சலீம் வெளியில் உறவினரோடு நின்றான்.

திடீரென்று பதினோராம் கட்டிலின் கருவி கத்தத் தொடங்கியது. விரல் நுனியில் மாட்டி, இரத்தத்தில் ஒக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கிளிப் உண்டல்லவா, அதன் கருவி. நான் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காக; பறந்தேன். பார்த்தால் ஒன்றுமில்லை, கிளிப் வழுகியிருக்கிறது. வலது கை ஆட்காட்டி விரலில் திரும்ப மாட்டினேன். கருவி அடங்கி, நல்ல எண் காட்டியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி இரண்டடி வைத்திருப்பேன். பின்னால் ரிஸ்மியாவின் குரல் கேட்டது.

"நானா, இஞ்ச வாங்க. வாப்பா விரலைத் தூக்குறார்."

உண்மைதான். சம்மாட்டியாரின் கண் திறந்திருந்தது. வலது கை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழும்பி நின்றது. நாலு விரலும் மடங்கி, ஆட்காட்டி விரல் மட்டும் கிளிப்போடு நேராக மேலே. உதடு மெல்ல அசைந்தது.

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வரி. அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும்போது தொழுகையில் நாங்கள் அந்த விரலை உயர்த்துவோம். மரணத் தறுவாயில் ஒருவர் அந்த விரலை உயர்த்தினால் அவர் அந்தச் சாட்சி மொழியான கலிமாவோடு போகிறார் என்று அர்த்தம். அதைவிட நல்ல மவுத், நல்ல சாவு, இல்லை. பார்த்தவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லி ஆறுதல் அடைவார்கள்.

ரிஸ்மியா அழுதுகொண்டே கலிமா சொல்லத் தொடங்கினாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்ற சட்டம் காற்றில் போனது. சலீம் வந்தான், அவனுக்குப் பின்னால் ஊர் வந்தது. ஒரு பக்கம், சாகும் தறுவாயில் இருப்பவருக்காக ஓதும் யாசீன் ஓதத் தொடங்கினார்கள். கட்டாரில் வேலை செய்யும் இளைய மகனை வீடியோ அழைப்பில் எடுத்துவிட்டார்கள். தலையில் மஞ்சள் தொப்பியோடு அவன் போனுக்குள் நின்று அழ, அந்தப் போனை சம்மாட்டியாரின் முகத்துக்கு மேலே ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடித்தார்கள். கட்டிலைக் கிப்லாப் பக்கம், மக்காவை நோக்கி, திருப்ப வேண்டும் என்றார் ஒருவர். எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்கள். வாட்டின் பொறுப்பாளன், தாதிய உத்தியோகத்தன், அரச ஊழியன் ஆகிய நான் என்ன செய்தேன்? கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டு, கட்டிலின் பிரேக்கையும் காலால் தட்டிவிட்டேன்.

கருவி தொண்ணூற்றாறு காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணோடு யாரும் மவுத்தாவதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் ஒரு கருவி ஒன்று சொல்ல, முப்பது பேர் அழுதுகொண்டு வேறொன்று சொன்னால் நீங்கள் யாரை நம்புவீர்கள்? நாடி பிடித்துப் பார்த்தேன். குதிரை ஓட்டம். இவ்வளவு வேகமா என்று திகைத்துப் பிறகுதான் விளங்கியது, நான் பெருவிரலால் பிடித்திருக்கிறேன். துடிப்பது என்னுடைய நாடி. என் வாயும் தன்பாட்டில் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது, யாருக்காக என்று தெரியாமல்.

ரிஸ்மியா கைப்பையிலிருந்து ஸம்ஸம் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தபோதுதான் எனக்குள் இருந்த தாதி விழித்துக்கொண்டான். விழுங்கத் தெரியாத தொண்டைக்குள் அந்தத் தண்ணீர் போனால், இவ்வளவு நேரமும் சாகாத மனிதர் அதனால் சாகலாம். மக்கத்துத் தண்ணீர் என்று நுரையீரலுக்குத் தெரியாது. நான் போத்தலின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பஞ்சாங்கமும் தேவைப்படவில்லை.

சலீம் என்னை ஒரு பக்கம் கூட்டிப் போனான். கெட்ட பையன் இல்லை. மெதுவாகத்தான் கதைத்தான். வெளியில் வேன் நிற்கிறது, வாப்பாவை வீட்டுக்குக் கொண்டு போகிறோம் என்றான். பிறந்து வளர்ந்த ஊரில், தன் கட்டிலில், தன் ஆட்களுக்கு நடுவில் அவர் கண் மூட வேண்டும். அறியாத இடத்தில், திரைச்சீலைக்குப் பின்னால், அவரைத் தனியே போக விட்ட மகன் என்று தான் நாளைக்குப் பள்ளிவாசலில் நிற்க முடியாது என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொண்டு போவது அவர்களுடைய உரிமை. நான் தடுக்க முடியாது. குழாயும் ஒக்சிஜனும் இல்லாமல் அந்த ரோட்டில் வேனில் போனால், விரல் சொன்னதாக அவர்கள் நம்புவது ராத்திரிக்குள் நடந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கிளிப்! நேற்றிலிருந்து அந்த ஒரே விரலில் கடித்துக்கொண்டிருக்கிறது. மனிதருக்கு விரல் நோகிறது. பேச முடியாததால் தூக்கிக் காட்டுகிறார். அவ்வளவுதான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கிளிப்பைக் கழற்றி மோதிர விரலில் மாட்டினேன். ஆட்காட்டி விரல் மெதுவாக மடங்கியது. கை மெத்தையில் இறங்கியது.

"பாத்தீங்களா, கலிமா இல்ல, கிளிப்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. முகத்தில் சிரிப்பும் இருந்திருக்க வேண்டும்.

யாசீன் ஓதியவர்கள் நிறுத்தினார்கள். போனுக்குள் கட்டார்கூட அமைதியானது. முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. ஒரு மனிதரின் கடைசிக் கலிமாவைக் கிளிப் என்று சொல்லிவிட்டேன், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு. சலீம் மட்டும்தான் பேசினான்.

"நீங்களும் எங்கட ஆள்தானே நானா."

அடித்திருந்தால் பரவாயில்லை. கட்டிலுக்கடியில் இடம் இருக்கிறதா என்று உண்மையாகவே பார்த்தேன். சிறுநீர்ப் பையும் ஒரு வாளியும் இருந்தன.

யாசீன் நின்ற அந்த அமைதியில்தான் சிஸ்டர் வந்து நின்றது தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்தார், குறுக்காக நின்ற கட்டிலைப் பார்த்தார், அதன் பிரேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார், சொன்னேன். விரல், கலிமா, கிளிப், வேன், எல்லாம். நான் சொன்னது சரியா, அவர்கள் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்த வழக்கையே எடுக்கவில்லை.

"விரலை விடுங்க" என்றார். "ஆள்ட்ட கேட்டதா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை, பட அட்டை கையில் வைத்திருக்கும் இளம் தாதிமாருக்காகவே ஒழுங்காக எழுதுகிறேன். முதலில் ஓதுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நேரம் மனதுக்குள் ஓதச் சொன்னார். போனை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். ஜன்னல் வெளிச்சம் சம்மாட்டியாரின் கண்ணில் விழாமல் திரையை இழுத்தார். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவருடைய முகத்துக்கு நேரே தன் முகம் வரும்படி கதிரையில் உட்கார்ந்தார். நான் அவருடைய உள்ளங்கையில் விரல் வைத்து, விளங்கினால் அமுக்குங்கள் என்று சொல்லப் போனேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். "பிறந்த பிள்ளையும் விரலைப் பிடிக்கும். அது பதில் இல்ல."

ஓம் என்றால் இரண்டு கண்ணையும் மூடித் திறக்க வேண்டும். 'இல்லை' என்பதற்கு மேலே ஃபேனைப் பார்க்க வேண்டும். இதை என்னைக்கொண்டு தமிழில் மெதுவாகச் சொல்லவைத்தார். ஒரு கேள்வி கேட்டால் பத்து வரை மனதுக்குள் எண்ணும் நேரம் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்டால் முதல் கேள்வியின் பதில் இரண்டாவதுக்குப் போய் விழும் என்றார்.

உங்கள் பேர் ஹமீதா என்று கேட்டேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கண் மூடியது, திறந்தது. அதை ஒரு பதிலாகச் சிஸ்டர் எடுத்துக்கொள்ளவில்லை. 'இல்லை' என்று பதில் வர வேண்டிய கேள்வி ஒன்று கேட்கச் சொன்னார். எனக்கு அந்தப் பதற்றத்தில் வேறொன்றும் வரவில்லை.

"மாமா, நீங்க தையல்காரரா?"

சம்மாட்டியாரின் கண் ஃபேனுக்கு ஏறிய வேகத்தில் கழுத்தும் கூடப் போகும் போலிருந்தது. அழுதுகொண்டிருந்த ரிஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் யாரோ, "வாப்பாக்கு நல்ல கோவம்" என்றார். கூட்டம் முழுவதும் அசைந்து கொடுத்தது. மவுத்தாகிறவரைப் பார்க்கும் முகங்கள், இருக்கிறவரைப் பார்க்கும் முகங்களாக மாறின.

அடுத்த கேள்வியை நான் கேட்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். வெள்ளை உடுப்புக் கேட்டால் பதில் வெள்ளை உடுப்புக்குத்தான் வரும். மகன் கேட்கட்டும். கதிரையை விட்டு எழும்பி சலீமை அதில் உட்காரவைத்தார். சலீம் தகப்பனின் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"வாப்பா. ஊட்டுக்குப் போவமா?"

நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்றுக்குப் பிறகு என்ன எண் என்று மறந்துபோய்விட்டது. சம்மாட்டியார் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்கள் மெதுவாக, மகனை விட மனமில்லாததுபோல, மேலே ஃபேனுக்குப் போய் அங்கே நின்றன.

சிஸ்டர் சலீமின் தோளைத் தொட்டார். "இனி மாத்திக் கேளுங்க."

"இஞ்ச இரிக்கப் போறீங்களா வாப்பா?"

கண் மூடியது. திறந்தபோது ஓரத்தால் தண்ணீர் வழிந்தது. சலீம் கட்டிலின் விளிம்பில் தலையை வைத்து அழுதான். அது முதலில் அழுத அழுகை இல்லை. வேன்காரனை அனுப்பிவிடச் சொல்லி யாரோ வெளியில் ஓடினார்கள்.

ரிஸ்மியாவின் கையிலிருந்த ஸம்ஸம் போத்தலை சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார். சுத்தமான துணித் துண்டில் சில துளிகள் விட்டு, நன்றாகப் பிழிந்து, அவள் கையாலேயே தகப்பனின் உதட்டை நனைக்கவைத்தார். அதுவே போதும் என்று அவளுக்கும் இருந்தது, நுரையீரலுக்கும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "நஸீர், கட்டிலை நேரா வைங்க" என்றார். பேர் சரியாகச் சொன்னார்.

சம்மாட்டியார் தேறினார். நெஞ்சில் சளி கட்டாமல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைத்தோம். பிறகு ஒரு கரண்டி, அரைக் கோப்பை என்று விழுங்கப் பழகினார். குழாய் கழன்றது. கிழமைகள் கழித்துப் பொல்லூன்றி வாசலைத் தாண்டிப் போனார். பேச்சு மட்டும் வரவில்லை. வாட்டில் அந்தக் கதையை நான் என் வசதிப்படி திருத்திக்கொண்டேன். எல்லோரும் கலிமா என்று அழுதபோது, கிளிப் என்று கண்டுபிடித்தவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். சிஸ்டர் கேட்டுக்கொண்டு பேசாமல் பேனையின் மூடியைக் கழற்றி மூடுவார்.

பென்ஷன் எடுத்த பிறகு ஒரு நாள் மீன் வாங்கலாம் என்று பள்ளிவாசல்துறைக்குப் போனேன். சம்மாட்டியார் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கரைக்கு வரும் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு வந்திருந்தது; கொஞ்சம் குழறலோடு, ஆனால் நன்றாக விளங்கியது. சலீம் கடலில் என்றார். ரிஸ்மியா உள்ளே சமையலில். தேத்தண்ணி வந்தது. கதையோடு கதையாக, எனக்குச் சேர வேண்டிய புகழை வசூலிக்கலாம் என்று நினைத்தேன்.

"மாமா, அண்டைக்கு அந்தக் கிளிப்பு விரலை நல்லா நோவிச்சிருக்கும், என்ன?"

"என்ன கிளிப்பு?"

விரலில் மாட்டியிருந்ததை நினைவூட்டினேன். அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

"நான் கலிமாதான் தம்பி சொன்னேன். போற நேரம் வந்திட்டு எண்டு நினைச்சேன்."

பல வருடங்களாக வாட்டில் சொல்லிவந்த என் கதை அந்த இடத்தில் மவுத்தானது. அப்படியென்றால் ஏன் விரலை இறக்கினீர்கள் என்று கேட்டேன். கை அலுத்துவிட்டது என்றார். சரி, என் கிளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம். அதைக் கேட்காமல் வந்திருக்கலாம்.

"நல்லா இருந்த நேரத்தில, போற நேரம் வந்திட்டு எண்டு உங்களுக்கு யார் மாமா சொன்னது?"

சம்மாட்டியார் தேத்தண்ணியை வாயில் வைத்து, கவனமாக விழுங்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நான் கண்ணைத் திறக்கக்குள்ள நீதானே தம்பி மேல நிண்டே. அந்தப் பெட்டி கத்துது. உன்ட முகத்தைப் பாத்தேன். வேர்த்து வடியுது, கண் ரெண்டும் வெளிய வருது, வாய் நடுங்குது. ஆஸ்பத்திரி ஆளுக்கே இப்பிடி எண்டா, ஹமீதே, உன்ட கணக்கு முடிஞ்சிட்டு எண்டு நினைச்சேன். விரலைத் தூக்கினேன்."

உள்ளே சட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. கதவுக்குப் பின்னால் ரிஸ்மியா சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்த ஒரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, இப்போது நன்றாக வந்துவிட்ட குரலில் மகளைக் கூப்பிட்டார்.

"புள்ள, தம்பிக்கும் சோறு போடு. இண்டைக்கு நான் மவுத்தாக மாட்டேன், முகம் நல்லா இரிக்கு."